வீட்டுக் கழிவுநீரை மண்ணிடம் ஒப்படைப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளிலும் புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களிலும் கழிப்பறை, உறிஞ்சு குழி வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொடுத்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும், திண்ணையில் உட்கார்ந்ததும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது: கழிவுநீருக்காக ஆழம் தோண்டாதீர்கள், பரப்பி விடுங்கள்.

மண்ணை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது என்றால் என்ன?

குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், கழிப்பறைத் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் எல்லாவற்றையும் மேல்மண் வழியாக மெதுவாக இறங்க விடுவது. மேல் இரண்டு மூன்று அடி மண்ணில்தான் உயிர் அதிகம். பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு, வேர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்னச் சந்துகளில் காற்றும் இருக்கும். தண்ணீர் அந்தத் துகள்களை ஒட்டியபடி மெல்லிய படலமாக இறங்கும்போது, அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடும் மூச்சுக் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. குடல் புழுக்களின் முட்டைகள் கொஞ்சம் பெரியவை, அவை மேலேயே வடிகட்டப்பட்டு நின்றுவிடும். நோய்க் கிருமிகள் சிறிது தூரம் இறங்குவதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். வைரஸ்கள் களித் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத்தூளில் இருந்து வரும் பாஸ்பரஸை மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும்.

மண்ணால் பிடித்து வைக்க முடியாத ஒன்று நைட்ரேட். அது தண்ணீரில் கரைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். அதை வழியில் எடுத்துக்கொள்ளத்தான் மேலே செடி வைக்கச் சொல்கிறோம்.

இவ்வளவும் நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டும். எப்போதும் ஊறிக்கிடக்கும் மண் இந்த வேலையைச் செய்யாது. கீழே வரும் பதில்களில் பாதி, இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றியவை.

எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது. அது போதாதா?

போதாது. செப்டிக் டேங்க் என்பது மலத்தைப் படிய வைக்கும் தொட்டி, அவ்வளவுதான். கனமானவை அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் உள்ள கலங்கல் தண்ணீர் குழாய் வழியே வெளியே வரும். அந்தத் தண்ணீரில் அழுக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைந்திருக்கும். கிருமிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிரான்ஸில் மூராஸ் என்பவர் 1881இல் காப்புரிமை வாங்கிய தொட்டியும், 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்துக் கட்டியதும் இதே முதல்படி வேலைக்குத்தான். இரண்டாவது படி மண்ணில் நடக்க வேண்டும். நம் ஊர்களில் அந்த இரண்டாவது படிதான் விட்டுப்போகிறது. டேங்கின் வழிகால் தெருச் சாக்கடைக்கோ, பின்னால் இருக்கும் குட்டைக்கோ போகிறது.

உங்கள் டேங்கிலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் கட்டிய கொத்தனாரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிவதில்லை.

ஆழமாக உறை இறக்கினால் குழி நிரம்பவே நிரம்பாது என்கிறார்களே?

ஆமாம், நிரம்பாது. அது நிரம்பாமல் இருப்பதுதான் ஆபத்து.

கெடிலக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தோம். சித்திரை வெயிலில் ஆள் விட்டுத் தோண்டி 12 சிமெண்ட் உறைகள் இறக்கினோம். பன்னிரண்டாவது உறையில் ஈரமணல் வந்தது. கொத்தனார் முகத்தில் சந்தோஷம். “இனிமே உங்க காலத்துக்கும் லாரி கூப்பிட வேண்டாம்” என்றார். அவர் மனதறிந்து தவறு செய்தவரல்ல, அந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அடிப்பம்பு அங்கிருந்து 25 அடி தள்ளி இருந்தது. 2015 நவம்பரில் கடலூரை மழை அடித்துப்போட்டபோது நிலத்தடி நீர் ஏறி, குழியில் இருந்ததும் பம்பில் வந்ததும் ஒரே தண்ணீராகிவிட்டது. கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. மழை விட்ட பிறகு பம்புத் தண்ணீரை, மலக் கலப்பு இருந்தால் கறுத்துப்போகும் பரிசோதனைக் குப்பியில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலையில் குப்பி மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. அதே தண்ணீரைத்தான் அம்மா அதுவரை சோறு வடிக்கவும் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆழக் குழி ஊற்றைத் தொட்டுவிட்டால், கழிவுநீருக்கும் குடிநீருக்கும் நடுவே வேலை செய்ய வேண்டிய காய்ந்த மண் ஒரு சாண்கூட மிச்சம் இருப்பதில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ, அதற்கும் குழியின் அடிக்கும் இடையே 2 மீட்டர், அதாவது ஆறரை அடி மண் இருக்க வேண்டும். அவ்வளவு கிடைக்காத இடத்தில் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மண்ணுக்கு இது ஒத்து வருமா?

இந்தப் பகுதியில் மூன்று வகை மண்ணைப் பார்க்கலாம். மூன்றுக்கும் மூன்று குணம்.

முதலாவது செம்மண். கேப்பர் மலை, பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரிக்காடுகள், வடக்கே ஆரோவில் மேடு எல்லாம் இந்தக் கணக்கு. நிலவியலாளர்கள் ‘கடலூர் மணற்கல்’ என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் பாறை சிதைந்து உண்டான மண் இது. (திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் அதே பாறையில் இருப்பவைதான்.) இந்த வேலைக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. தண்ணீர் தேங்காமல் இறங்கும், நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும், இரும்புச் சத்து பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது கடற்கரை மணல். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம், நல்லவாடு. இங்கே தண்ணீர் உடனே மறைந்துவிடுவதால் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். ஆனால் பெருமணலில் தண்ணீர் ஓடுகிற வேகத்துக்குச் சுத்தமாக நேரமே கிடையாது. அதோடு, பதினைந்து இருபது அடியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. கடலின் உப்புநீர் மேல் ஒரு படுகையாக நிற்கும் அந்த நல்ல தண்ணீர்தான் குப்பத்துக்கே ஆதாரம். இந்த இடத்தில் குழியின் அடியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நைசான மணல் நிரப்ப வேண்டும். தண்ணீர் பக்கவாட்டில், அந்த மணலைக் கடந்துதான் வெளியேற வேண்டும்.

மூன்றாவது களி. சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில், புவனகிரி, இந்தப் பக்கம் பாகூர் ஏரிப் பாசன ஊர்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் இறுகி மூடிக்கொள்ளும். கஷ்டமான மண்தான். ஆனாலும் முடியும், இடம் அதிகம் தேவைப்படும். வெடித்த களியில் இன்னொரு எச்சரிக்கை: கோடையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேராக இறங்கிவிடும். கழிவுநீரைப் பரப்பி விட ஜல்லி போட்டு எடுக்கும் வாய்க்காலுக்கு (அதை அமைப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்) மேலே எப்போதும் வைக்கோலோ சருகோ போட்டு மூடாக்காக வைத்திருங்கள்.

மண் எவ்வளவு உறிஞ்சும் என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு கடப்பாரை, ஒரு குடம், ஒரு ஸ்கேல், கைப்பேசியில் நேரம் பார்ப்பது போதும். வாய்க்கால் வரப்போகும் இடத்தில், அதே ஆழத்துக்கு ஓர் அடி சதுரமாகக் குழி எடுங்கள். கடப்பாரை தேய்த்து வழவழப்பாகிப்போன பக்கங்களைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, குழியில் ஓர் அடிக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஊற விடுங்கள். காய்ந்த மண் முதலில் கண்டபடி குடிக்கும், அந்தக் கணக்கை நம்பக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி அரை அடிக்குத் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.

30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சு குழியும் வைக்கலாம், வாய்க்காலும் வைக்கலாம். 30லிருந்து 60 நிமிடம் என்றால் வாய்க்கால் மட்டும். 60 நிமிடத்தைத் தாண்டினால் வெறும் மண்ணை நம்ப முடியாது, தரைக்கு மேலே மணல் மேடாகக் கட்டும் மேட்டுப் படுகையோ, ஜல்லியில் கல்வாழை நட்ட படுகையோ வேண்டும். இந்த நிமிடக் கணக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர நிர்ணயம் சொல்வது.

இரண்டு மூன்று இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். ஒரே கொல்லையில், பழைய வைக்கோல் போர் இருந்த மூலைக்கும் டிராக்டர் போய்ப்போய் இறுகிய மூலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் 275 லிட்டர். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிவுநீராகத் திரும்பி வரும். 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வருடக்கணக்கில் அழுக்குத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பழகிய மண், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது மணலில் 50 லிட்டர், மணல் கலந்த வண்டலில் 30, களி கலந்ததில் 20, இறுகிய களியில் 10. நல்ல தண்ணீரை இதைவிடப் பல மடங்கு குடிக்கும். அழுக்குத் தண்ணீர் போகும் இடத்தில் கறுப்பாக ஒரு வழவழப்பான படலம் படிந்து வேகத்தைக் குறைத்துவிடும். அந்தப் படலம் கெடுதல் இல்லை, வடிகட்டுவதில் பெரும்பங்கு அதனுடையதுதான். அதற்கு இடம் கொடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

அப்படியானால் 200 லிட்டருக்கு மணல் கலந்த வண்டலில் ஏறக்குறைய 7 சதுர மீட்டர் வேண்டும். மூன்றடி அகலக் குழி என்றால் சுற்றுச் சுவர் மட்டும் எட்டு அடி ஆழத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் ஆழத்தின் மேல் ஆசை வருகிறது. அதற்குப் பதில் அரை மீட்டர் உயரத்துக்கு ஜல்லி போட்ட வாய்க்கால் எடுத்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து 1 சதுர மீட்டர் சுவர் கிடைக்கும். 7 மீட்டர் வாய்க்கால் போதும், ஆழம் மூன்றடியைத் தாண்டாது. இறுகிய களியில் அதே வீட்டுக்கு 20 மீட்டர், அதாவது 65 அடி வாய்க்கால் வேண்டும். பத்துப் பத்து மீட்டராக இரண்டு.

வாய்க்காலை எப்படி அமைப்பது?

இரண்டடி அகலம், இரண்டரையிலிருந்து மூன்றடி ஆழம். அடி மட்டமாக இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிவாக இருந்தால் தண்ணீர் எல்லாம் ஒரு மூலைக்குப் போய், அந்த மூலை மட்டும் ஊறிக் கெட்டுவிடும். பக்கங்களைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிவிட்டு, அரை மீட்டருக்கு 40 எம்எம் ஜல்லி போடுங்கள். பழைய வீடு இடித்த செங்கல் உடைசலும் ஆகும், தூளைச் சலித்துவிட்டுப் போட வேண்டும். ஜல்லியின் மேல்பாதியில் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாயைப் பதியுங்கள். துளைகள் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மேலே வைக்கோல் பரப்பி, எடுத்த மண்ணையே போட்டு மூடுங்கள். அழுத்தி மிதிக்க வேண்டாம், மழையில் தானாக அமுங்கும். கொஞ்சம் மேடாகவே விட்டுவையுங்கள்.

இடம் இருந்தால் கூடுதலாக ஒரு வாய்க்கால் எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது. டெல்டாக்காரர்களுக்கு முறைப்பாசனத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே முறைதான் இங்கும். மூன்று வாய்க்காலில் இரண்டு ஓடும், ஒன்று காயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். காய்கிற வாய்க்காலில் காற்று புகுந்து, அடைத்திருந்த கறுப்புப் படலத்தைப் பாக்டீரியாக்களே தின்று தீர்த்துவிடும். ஓய்வே இல்லாத வாய்க்கால் சில வருடங்களில் அடைத்துக்கொள்ளும்.

பத்து மீட்டர் நீளத்தில் மூன்று வாய்க்கால் என்றால் ஏறக்குறைய 3 யூனிட் ஜல்லி பிடிக்கும். வாய்க்கால்களுக்கு நடுவே ஆறடி விடுங்கள். கிணறு, போர், அடிப்பம்பிலிருந்து 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பம்பும் இந்தக் கணக்கில் சேரும், வேலிக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டர்.

சமையலறைத் தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் ஒன்றாக விடலாமா?

பிரித்து விடுவது நல்லது. குளியல், பாத்திரத் தண்ணீரில் கிருமி குறைவு, அளவு அதிகம். கழிப்பறைத் தண்ணீரில் அளவு குறைவு, கிருமி அதிகம். சமையலறைக் குழாய் மண்ணுக்குப் போகும் முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அதில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் நின்றுவிடும்படி செய்யுங்கள். வாரம் ஒரு முறை அதை அள்ளிப்போட வேண்டும். மீன் கழுவுகிற வீடுகளில் இரண்டு நாளுக்கு ஒரு முறை. இந்த ஒரு வேலையை விட்டதால் அடைத்துப்போன உறிஞ்சு குழிகளை நான் எண்ணி மாளாது. 100 நாள் வேலையில் நன்றாகவே கட்டிக்கொடுத்த குழிகளும் இப்படித்தான் வீணாகின்றன.

புதிதாகக் கழிப்பறை கட்டுகிறோம். இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா?

நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் செம்மண் ஊர் என்றால் தயங்காமல் இரட்டைக் குழி. தேன்கூடு மாதிரி ஓட்டை விட்டுக் கட்டிய இரண்டு சின்னக் குழிகள், நடுவே குறைந்தது 1 மீட்டர் மண். ஒன்று நிரம்ப ஐந்தாறு வருடம் ஆகும். நிரம்பியதும் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, முதலாவதை இரண்டு வருடம் தொடாமல் வையுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி மூடி வைத்த குழியைத் திறந்தபோது நான் இருந்தேன். வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றார். உள்ளே காபித்தூள் மாதிரி உதிரி உதிரியாக, கறுப்பாக மண். முதல் மழையில் தரையிலிருந்து கிளம்பும் வாசம் இருக்குமே, அதுதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முந்தானை இறங்கியது. “தம்பி, இத பலா மரத்துக்குப் போடலாமா?” என்று கேட்டார். போட்டார்கள்.

களி மண்ணிலும் நீர் மட்டம் மேலே இருக்கும் ஊர்களிலும் அடி மூடிய, ஒழுகாத செப்டிக் டேங்க், அதன் பின்னால் வாய்க்கால் அல்லது மேட்டுப் படுகை.

மழைக்காலத்தில் என்ன ஆகும்?

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும்தான் உங்கள் அமைப்புக்குப் பரீட்சை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அந்த நாட்களில் எந்த மண்ணும் உறிஞ்சாது.

நீர் மட்டம் வருடாவருடம் மேலே வந்துவிடும் இடத்தில், வாய்க்காலைத் தரைக்குக் கீழே எடுக்காமல் தரைக்கு மேலே கட்டலாம். இரண்டு மூன்றடி உயரத்துக்கு மணல் மேடு போட்டு, அதன் உச்சியில் ஜல்லியும் குழாயும் வைத்து, மண் போர்த்திப் புல் வளர்ப்பது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1970களில் செம்மைப்படுத்திய முறை இது. தண்ணீர் மேட்டைக் கடந்து தரைக்கு வருவதற்குள்ளேயே சுத்தமாகிவிடும். கழிப்பறையின் அடித்தளத்தை அதற்குத் தகுந்தபடி உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லையென்றால் சின்ன மோட்டார் வேண்டும். வெள்ளக்காட்டில் வீட்டையே மேட்டில் கட்டுகிறவர்கள் கழிப்பறையையும் அப்படிக் கட்டுவது நியாயம்தானே.

வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது டேங்கைக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்க, உள்ளே வெறுமையாக இருக்கும் தொட்டி, அதிலும் பிளாஸ்டிக் தொட்டி, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொட்டைமாடி மழைநீரை எந்தக் காலத்திலும் இந்த வாய்க்காலில் விடக்கூடாது.

கொசு வராதா?

தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இருந்தால் வராது. வெளியே தேங்கினால்தான் வரும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும்தான் பெருகுகிறது. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய, நோய் பரப்பும் கொசு போன்ற பூச்சிகளை ஆராயும் வி.சி.ஆர்.சி. மையம் 1981 முதல் 1985 வரை நகரத்தில் அந்த நோயை ஒடுக்க எடுத்த முயற்சியில், கொசு முட்டையிடும் இடங்களை ஒழிப்பதுதான் முதன்மையான வேலையாக இருந்தது. உங்கள் டேங்கின் காற்றுக் குழாய் நுனியில் இன்றைக்கே கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். மூடியில் இருக்கும் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள்.

மேலே என்ன செடி வைக்கலாம்?

வாழை, கல்வாழை, சேம்பு, வெட்டிவேர். வாழை தண்ணீரையும் நைட்ரேட்டையும் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கும். கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி போல மண்ணைத் தொட்டபடி வளர்ந்து பச்சையாகத் தின்பவை வேண்டாம். தென்னை, வேம்பு, அரசு ஆகியவற்றைக் குழாயிலிருந்து பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். அவற்றின் வேர் குழாயின் துளைக்குள் புகுந்து சடை பின்னிவிடும்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஊற்றலாமா?

கை கொஞ்சமாக இருக்கட்டும். பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். களி மண்காரர்களுக்கு இன்னொரு விஷயம். சோப்புத்தூளில் சோடியம் இருக்கிறது, அது களித் துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுத் திருத்துகிறோமே, அதே ஜிப்சம் இந்த வாய்க்கால் மண்ணுக்கும் கைகொடுக்கும்.

டேங்கை எப்போது சுத்தம் செய்ய வேண்டும்? யாரை வைத்து?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, உறிஞ்சும் லாரியை வைத்து. அப்படி எடுக்காமல் விட்டால் அடியில் இருக்கும் மலம் வழிந்து வாய்க்காலுக்குப் போய் அடைத்துவிடும். அதற்கப்புறம் எந்த மருந்தும் உதவாது.

யாரையும் உள்ளே இறக்காதீர்கள். “ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று அவரே சொன்னாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடியதும் மூக்கு அந்த வாசனையையே உணராமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவர் அடுத்த மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கி வேலை வாங்குவது குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எந்தத் தொகையும் அந்த வீட்டுக்கு ஈடாகாது. லாரி வரமுடியாத சந்து என்றால் நீளக் குழாய் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள், ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

ஒரு தெருவுக்கோ ஊருக்கோ சேர்த்துச் செய்ய முடியுமா?

முடியும். கொல்லையே இல்லாத நெருக்கமான தெருக்களுக்கு அதுதான் வழி. சின்னக் குழாய்களில் தண்ணீரை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, படியவைக்கும் தொட்டி, காற்றில்லாத வடிகட்டித் தொட்டி, அப்புறம் செடி நட்ட ஜல்லிப் படுகை என்று வரிசையாக விடுவது. கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பம் அருகே அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இந்த வகை அமைப்பு பல வருடங்களாக ஓடுகிறது. ஆரோவில்லில் குடியிருப்புக்குக் குடியிருப்பு இப்படிப்பட்ட படுகைகள் உண்டு, அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எச்.எஸ். சங்கர் வளர்த்தெடுத்த மண் உயிரித் தொழில்நுட்பமும் இதே குடும்பம்தான். அடுக்கடுக்காகப் போட்ட மண்ணில் பாக்டீரியாவும் மண்புழுவும் வேலை செய்ய, மேலிருந்து தண்ணீரைத் தெளிப்பார்கள்.

தொழில்நுட்பத்தில் சிக்கல் இல்லை. வாரம் ஒரு முறை போய் வடிகட்டித் தட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறாரா, அவருக்கு மாதச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைக் கிராமசபையில் முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அஸ்திவாரம் தோண்டுங்கள்.

எங்கள் குடிதண்ணீர் ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே நான் சொன்ன குப்பி மலிவானது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுக்கும். கறுத்தால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில் இதை அவசியம் பார்க்க வேண்டும். நைட்ரேட்டைக் காய்ச்சிப் போக்க முடியாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டி, அதன் அளவு கூடத்தான் செய்யும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

முதலில் ஒரு கார்த்திகையைப் பார்த்துவிடுங்கள். மழை உச்சத்தில் இருக்கும்போது உங்கள் கிணற்றில், கிணறு இல்லையென்றால் பக்கத்து வயல் கிணற்றில், தண்ணீர் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாசியில் மண் காய்ந்து, நடவும் அறுப்பும் இல்லாத நேரத்தில் ஆள் கிடைக்கும். அப்போது உறிஞ்சும் சோதனை செய்து, வாய்க்காலை எடுங்கள். ஈரக் களியில் மண்வெட்டி போட்டால் பக்கங்கள் பூசிய சுவர் போல அடைத்துவிடும். கையில் உருட்டினால் மண் கயிறாகத் திரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், பத்து நாள் பொறுங்கள். ஆள் எவ்வளவுதான் வற்புறுத்தினாலும், வாய்க்காலின் அடி அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஆறரை அடி மேலேயே நிற்கட்டும்.